ஹெல்ப்ஸ்டன் ஊரின் கவிஞர்

இங்கிலாந்தில் ஹெல்ப்ஸ்டன் என்றொரு சிறு கிராமம் உண்டு. ஆண்டுதோறும் ஜூலை 13ஆம் திகதியை ஒட்டி அங்கே ஓர் இலக்கிய விழா நடைபெறும். பாடசாலைப் பிள்ளைகள் புற்கரணைகளில் பூக்களைச் செருகி, தேவாலய முற்றத்திலுள்ள ஒரு கல்லறையைச் சுற்றி வைப்பார்கள். அவ்வூர்க் குடிசைகளை அப்படி அலங்கரிப்பது பழைய வழக்கம். அதன் பெயரையே தன் கவிதைத் தொகுதி ஒன்றுக்கு வைக்க விரும்பியவர்தான் அங்கே அடங்கியிருக்கும் ஜோன் கிளேயர். அந்தத் தொகுதி முழுமையாக அச்சேறியது 1979இல்தான். அவர் மறைந்து 115 ஆண்டுகளின் பின்.

கிளேயர் 1793இல் பிறந்தார். தந்தை சூடடிக்கும் கூலியாள்; தாய்க்கு எழுத்தறிவில்லை. சிறு வயதிலேயே வயலில் இறங்கியவர், கிடைத்த தாள்துண்டுகளில் எல்லாம் எழுதினார். 1820இல் முதல் நூல் வெளிவந்ததும் இலண்டன் அவரை உழவர் கவிஞர் என்று கொண்டாடியது. அந்தப் பட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. கவிதையை விட்டுவிட்டு அவரது கையிலிருந்த சேற்றைப் பார்த்து வியந்தது போலிருக்கிறது. வியப்புத் தீர்ந்ததும் அடுத்த நூல்கள் விலைபோகவில்லை.

அவர் எழுதியது ஊர்ப் பேச்சில், நிறுத்தற்குறிகளையும் பொருட்படுத்தவில்லை. பதிப்பாளர் அவற்றைத் திருத்தினார். வட்டை, வக்கடை, பொலி என்று என் உம்மம்மா வாயில் புழங்கும் சொற்களை நானும் கட்டுரையில் எழுதத் தயங்குவதுண்டு. ஆகவே கிளேயரின் பிடிவாதம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1809இல் வந்த ஒரு சட்டத்தால் ஹெல்ப்ஸ்டனின் பொது நிலங்கள் வேலியிடப்பட்டன. அவர் சுற்றித் திரிந்த மேய்ச்சல் வெளிகள் தனியார் சொத்தாயின. அந்த இழப்பை அவர் கடைசிவரை பாடினார். 1832இல் சில மைல் தொலைவிலுள்ள ஊரொன்றுக்குக் குடிபெயர்ந்ததையே அவரால் தாங்க முடியவில்லை. 1837இல் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார்.

1841 ஜூலையில் அங்கிருந்து தப்பி, ஏறத்தாழ 80 மைல் நடந்தே வீடு திரும்பினார். பசிக்கு வழியோரப் புல்லைத் தின்றாராம். சிறு வயதில் நேசித்த மேரியைக் காணலாம் என்ற நினைப்பு அவருக்கு. மேரி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சொன்னாலும் அவர் நம்பவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் நோர்தாம்டன் மனநோய் விடுதிக்குக் கொண்டு சென்றார்கள். அங்கும் எழுதினார். விடுதி அலுவலர் ஒருவர் பொறுமையாகப் பிரதியெடுத்து வைத்ததால் அக்காலக் கவிதைகள் பல தப்பின. 1864 மே 20இல் அங்கேயே உயிர் பிரிந்தது. உடலை ஹெல்ப்ஸ்டனுக்குக் கொண்டுவந்து அடக்கினார்கள்.