ஆழ்கடலுக்குப் பாதை போட்ட கூஸ்தோ

(மூன்றாமாண்டு, இயந்திரவியல்)

நாலு நண்பர்கள் சேர்ந்து அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு என்று கிளம்பிப் போய், ஒரு வாரம் தங்கி ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு வருவது இப்போது சகஜமாகிவிட்டது. முதுகில் சிலிண்டர், வாயில் ரப்பர் குழாய், முகத்தில் கண்ணாடி, பக்கத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பயிற்சியாளர். முதலில் ஆழமில்லாத தண்ணீரில் மூச்சு விடப் பழக்குவார்கள். மேலே வரும்போது மட்டும் மூச்சை அடக்கவே கூடாது என்று நூறு தடவை சொல்லிவிடுவார்கள். சரி நண்பர்களே, இந்தப் பாடத்தை முதன்முதலில் படித்தவர்களுக்கு யார் வாத்தியார்? வாத்தியாரே கிடையாது! மூன்று சிநேகிதர்கள் ஒருவருக்கொருவர் காவல் இருந்து, பல தடவை சாவின் வாசல் வரை போய்த் திரும்பி, தாங்களாகவே படித்துக்கொண்டார்கள். அந்த மூவரில் ஒருவர்தான், சிவப்புக் குல்லாய் போட்ட ஒல்லி மனிதராக உலகம் முழுக்க அறிந்த ஜாக் ஈவ் கூஸ்தோ.

பிரான்சில் போர்தோ நகரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் 1910 ஜூன் 11 அன்று பிறந்தார். சின்ன வயதில் நோஞ்சான். பத்து வயது வாக்கில் குடும்பம் கொஞ்ச காலம் அமெரிக்காவில் இருந்தது. அங்கே கோடை முகாமில் ஏரிக்கு அடியில் கிடந்த மரக்கிளைகளை எடுத்துப் போடும் வேலையை இவன் தலையில் கட்டினார்கள். மற்றப் பையன்களுக்குத் தண்டனையாகத் தெரிந்திருக்கும். இவனோ மூச்சை அடக்கி அடக்கி முங்கப் பழகிவிட்டான். 13 வயதில் சேர்த்து வைத்த காசில் ஒரு சினிமா கேமரா வாங்கினான். படிப்பு? அதை ஏன் கேட்கிறீர்கள்! பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடிகளை உடைத்து வெளியே அனுப்பப்பட்டவன். அப்படிப்பட்ட பையன் 1930-ல் கடற்படைக் கல்லூரிக்குத் தேறினான் என்றால் நம்மில் சிலருக்கும் தெம்பு வரும்.

கூஸ்தோவின் ஆசை கடலுக்கடியில் போவது அல்ல, வானத்தில் பறப்பது. விமானிப் பயிற்சியில் இருந்தபோது 1936-ல் ஒரு ராத்திரி அப்பாவின் காரை வேகமாக ஓட்டிக்கொண்டு போய்க் கவிழ்ந்தார். இரண்டு கைகளும் நொறுங்கின. ஒரு கையை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் யோசித்தபோது ஒப்புக்கொள்ளவில்லை. விரலை அசைக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. பறக்கும் கனவு அதோடு முடிந்தது.

பிறகு தூலோன் துறைமுகத்துக்கு மாற்றல். அங்கேதான் ஃபிலிப் தய்யே என்ற கடற்படை அதிகாரி சிநேகிதமானார். கைகளுக்கு வலு வர நீந்தச் சொன்னவர் அவர். முத்துக் குளிப்பவர்கள் போடுவது மாதிரியான ஒரு கண்ணாடியையும் கொடுத்தார். கூஸ்தோ அதைப் போட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டார். பாசி, பாறை, மீன் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன! தலையைத் தூக்கினால் கரையில் டிராம் போகிறது, ஜனங்கள் நடக்கிறார்கள்; குனிந்தால் வேறொரு உலகம். அதற்கு அப்புறம் அந்த மனிதர் பழைய மனிதராக இருக்கவில்லை. தய்யே மூலமாக மூன்றாவது ஆளும் வந்து சேர்ந்தார், பிரெடரிக் டூமா. அவருக்கு உத்தியோகம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் மூச்சை அடக்கிக்கொண்டு ஈட்டியால் மீன் குத்துவதில் அந்தக் கரையிலேயே அவருக்கு ஈடில்லை. 1937-ல் கூஸ்தோ மணந்த சிமோனும் கடல் பைத்தியம்தான்.

மூச்சை அடக்கினால் எத்தனை நேரம்? ஒன்றரை நிமிஷம், இரண்டு நிமிஷம். அது போதவில்லை. விஷவாயு முகமூடியின் டப்பா, மோட்டார் சைக்கிள் டியூப், சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் ஆகியவற்றை வைத்து 1939-ல் ஒரு கருவி செய்து கூஸ்தோ முங்கிப் பார்த்தார். ஆழத்தில் திடீரென்று உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. மயங்கும் தறுவாயில் இடுப்பு எடையைக் கழற்றி விட்டதால் மிதந்து பிழைத்தார். கருவியைத் திருத்தி மறுபடி போனார்; மறுபடி அதே வலிப்பு. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே சுத்தமான ஆக்ஸிஜனே விஷமாகிவிடும் என்ற விஷயத்தை உடம்பால் தெரிந்துகொண்டார். சாதாரணக் காற்றுதான் வழி என்று அப்போது முடிவாயிற்று.

இதற்குள் உலகப்போர் வந்து பிரான்சு ஜெர்மனியிடம் விழுந்தது. 1942 நவம்பரில் தூலோனில் நின்ற பிரெஞ்சுக் கடற்படை, எதிரி கையில் சிக்கக்கூடாது என்று தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது. கப்பல் இல்லாத கடற்படைக்காரர்களுக்கு என்ன வேலை? கொடுமைதான், ஆனாலும் கூஸ்தோவுக்கு நேரம் கிடைத்தது அப்படித்தான். அந்த வருஷமே மூவரும் எம்பியே தீவுப் பக்கம் மூச்சை அடக்கி முங்கியே ஒரு குறும்படம் எடுத்திருந்தார்கள்.

இனிமேல்தான் நம்ம பிராஞ்ச் விஷயம் வருகிறது. சிமோனின் அப்பா ஒரு பெரிய வாயுக் கம்பெனியில் உயர்ந்த பதவியில் இருந்தார். மருமகனை அந்தக் கம்பெனியின் பொறியாளர் எமில் கான்யானிடம் 1942 டிசம்பரில் அனுப்பிவைத்தார். பெட்ரோலையெல்லாம் ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்டதால், கார்களை எரிவாயுவில் ஓட்ட ஒரு சின்ன வால்வு செய்து வைத்திருந்தார் கான்யான். எஞ்சின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு வாயுவை மட்டும் விடும் வால்வு. எஞ்சினுக்குப் பதில் மனுஷ நுரையீரல், வாயுவுக்குப் பதில் காற்று. விஷயம் இவ்வளவுதான்!

வேலை செய்யும் விதம் எளிது. ஒரு வட்டப் பெட்டிக்குள் ரப்பர் டயாபிரம். அதன் ஒரு பக்கம் கடல் தண்ணீர், மறு பக்கம் மூச்சுக் காற்று. ஆள் மூச்சை இழுத்தால் டயாபிரம் உள்ளே குழிந்து நெம்புகோலைத் தள்ளும். வால்வு திறந்து சிலிண்டர் காற்று வரும். இழுப்பதை நிறுத்தினால் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது அல்லவா? அந்தத் தண்ணீரே டயாபிரத்தை அழுத்துவதால், எந்த ஆழத்தில் இருந்தாலும் அந்த ஆழத்து அழுத்தத்திலேயே காற்று கிடைக்கும். கையால் எதையும் திருக வேண்டாம். இழுத்தால் காற்று தரும் கருவியை 1860-களிலேயே பிரான்சில் செய்திருந்தார்கள். ஆனால் அன்றைக்கு அதிக அழுத்தம் தாங்கும் சிலிண்டர் இல்லாததால் மேலிருந்து குழாய் மூலம் காற்று அடிக்க வேண்டியிருந்தது. ஆகவே எல்லாவற்றையும் முதலில் கண்டுபிடித்தவர் கூஸ்தோ என்று எழுதுவது சரியல்ல.

1943 ஜனவரியில் பாரிஸுக்கு அருகே மார்ன் நதியில் சோதனை. படுத்தவாக்கில் நீந்தினால் அருமையாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழாகப் போனால் காற்று வர மறுத்தது. இருவரும் வாடிப்போய்த் திரும்பினார்கள். காரணத்தை யோசித்துப் பாருங்கள். ஹைட்ராலிக்ஸ் படித்தவர்களுக்குப் பிடிபடும். விட்ட மூச்சு வெளியேறும் வால்வு, காற்று வரும் இடத்தைவிட சுமார் 15 செ.மீ. மேலே இருந்தது. நிமிர்ந்து நிற்கும்போது அந்த 15 செ.மீ. நீர்மட்ட அழுத்த வித்தியாசமே காற்றைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. தலைகீழானால் அதே வித்தியாசம் எதிராக நின்று தடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மட்டத்தில் வைத்தார்கள். கோளாறு தீர்ந்தது. ஒரு சாண்கூட இல்லாத தூரம்!

ஜூன் மாதம் பாந்தோல் ரயில் நிலையத்துக்கு மரப்பெட்டியில் கருவி வந்து சேர்ந்தது. ஆள் நடமாட்டமில்லாத ஒரு சின்ன வளைகுடா. சிமோன் மேலே மிதந்தபடி கணவரைக் கண்காணித்தார். ஆபத்து என்றால் பாய்வதற்கு டூமா கரையில் தயாராக இருந்தார். கூஸ்தோ மணலை நோக்கி இறங்கினார். குட்டிக்கரணம் போட்டார், ஒற்றை விரலில் தலைகீழாக நின்றார். எப்படிப் புரண்டாலும் காற்று ஒழுங்காக வந்தது. பறக்க முடியாமல் போனவர் தண்ணீருக்குள் பறந்தார். அந்தக் கோடையில் மட்டும் மூவரும் 500 தடவை முங்கினார்கள். நாட்டில் சாப்பாட்டுக்கே பஞ்சமான நேரம் அது, குளிர்ந்த நீர் உடம்பை உறிஞ்சிவிடும். இன்றைக்கு விடுமுறையில் பழகுவது மாதிரி இல்லை.

அக்டோபரில் டூமா 62 மீட்டர் வரை இறங்கினார். கீழே போகப் போகக் குடிபோதை மாதிரி ஒரு கிறக்கம். அழுத்தத்தில் நைட்ரஜன் செய்யும் வேலை அது. அதைவிடப் பெரிய கண்டம் போர் முடிந்தபின் 1946 ஆகஸ்டில் வந்தது. வோக்ளூஸ் என்ற ஊரில் ஒரு குகை ஊற்றின் ஆழத்தைக் காணக் கூஸ்தோவும் டூமாவும் இறங்கினார்கள். உள்ளே இருவருக்கும் புத்தி தடுமாறியது, டூமா கிட்டத்தட்ட நினைவிழந்தார். அவரையும் பிடித்துக்கொண்டு கூஸ்தோ கயிற்றில் ஏறப் பார்த்தார். மேலே கயிறு பிடித்திருந்தவர் மோரீஸ் ஃபார்க். கயிறு ஆடுவதைப் பார்த்து, இன்னும் கயிறு கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று விட்டுக்கொண்டே இருந்தார்! கடைசியில் விபரீதம் புரிந்து இழுத்ததால் இரண்டு உயிரும் தப்பின. பிற்பாடு சிலிண்டரைச் சோதித்தபோது விஷயம் வெளியானது. காற்று நிரப்பிய கம்ப்ரஸர், தன் எஞ்சின் விட்ட புகையையே உறிஞ்சி உள்ளே அடைத்திருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு. வொர்க்‌ஷாப்பில் கம்ப்ரஸரை எங்கே நிறுத்துவது என்பது லேசான சமாச்சாரமா, சொல்லுங்கள்.

அவர்களைக் காப்பாற்றிய ஃபார்க், 1947 செப்டம்பரில் ஆழச் சோதனைக்கு இறங்கினார். சுமார் 120 மீட்டரில் கட்டியிருந்த பலகையில் கையெழுத்தும் போட்டார். மேலே இழுத்தபோது வாய்க்குழாய் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவோ முயன்றும் உயிர் திரும்பவில்லை. சாதாரண டைவருக்கு ஆழ எல்லை வைக்க வேண்டும் என்ற அறிவுக்கு அந்த நல்ல மனிதர் கொடுத்த விலை பெரிது.

1950-ல் பழைய கண்ணிவாரிக் கப்பல் ஒன்று கிடைத்தது. பெயர் கலிப்ஸோ. ஒரு பணக்காரர் வாங்கி, வருஷத்துக்கு ஒரு பிராங்க் வாடகை என்று கூஸ்தோவிடம் விட்டார். முதல் பெரிய பயணம் செங்கடலின் பவளப்பாறைகளுக்கு. செலவுக்குப் பணம் வேண்டுமே! 1954-ல் அபுதாபி கடலில் எண்ணெய்க் கம்பெனிக்காக அடித்தளப் பாறைகளைச் சோதித்துக் கொடுத்தார்கள். இதை அவரது ரசிகர்கள் பலர் எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன்.

1955-ல் இந்தியப் பெருங்கடலில் சீஷெல்ஸ் பக்கம் அஸம்ப்ஷன் என்ற குட்டித் தீவுக்குக் கலிப்ஸோ போனது. வெள்ளை மணல், கண்ணாடி மாதிரித் தண்ணீர், மனிதரைக் கண்டு பயப்படாத மீன்கள். ஒரு பெரிய களவா மீன் டைவர்களோடு ஒட்டிக்கொண்டது. கையால் ஊட்டினால் தின்னும், கூடவே சுற்றும். மற்ற மீன்களுக்குக் கொடுப்பதையும் பிடுங்கித் தின்ன வந்ததால், சுறாவுக்காக வைத்திருந்த கூண்டுக்குள் அதையே அடைத்து வைத்தார்கள்! 1956-ல் வந்த மௌன உலகம் படத்தில் இதெல்லாம் இருக்கிறது. கான் திரைப்பட விழாவில் முதல் பரிசு, பிறகு ஆஸ்கார்.

ஆனால் அதே படத்தில் வேறு காட்சிகளும் இருக்கின்றன. மீன்களைக் கணக்கெடுக்க என்று பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள். செத்து மிதப்பவற்றைப் பொறுக்குகிறார்கள். ஆமையின் முதுகில் உட்கார்ந்து சவாரி. கப்பலின் விசிறியில் அடிபட்ட திமிங்கிலக் குட்டியைத் தின்ன வந்த சுறாக்களை மாலுமிகள் வெறியோடு அடித்துக் கொல்கிறார்கள். சுறா என்ன குற்றம் செய்தது? இன்றைக்குப் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லித் தப்பலாம். எனக்கு அது திருப்தியாக இல்லை. கடலைத் திறந்து காட்டிய கையேதான் அதில் வெடியும் வைத்தது.

கூஸ்தோ அங்கேயே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1960-ல் அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டப் பிரெஞ்சு அரசுத் துறை ஏற்பாடு செய்தபோது, எதிர்த்து நின்று நிறுத்தியவர்களில் முன்னால் இருந்தவர் அவர். 1963-ல் சூடான் நாட்டுச் செங்கடலில் ஷாப் ரூமி பவளத்திட்டில் 10 மீட்டர் ஆழத்தில் வீடு கட்டி, ஐந்து பேரை ஒரு மாதம் குடிவைத்தார். அங்கே சிறு நீர்மூழ்கிக்காகப் போட்ட கொட்டகை அப்படியே நின்றுவிட்டது. அதன்மேல் பவளம் வளர்ந்திருக்கிறது. பிறகு தொலைக்காட்சித் தொடர்கள், 1973-ல் கடலைக் காக்க ஒரு சங்கம், அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்டக் கூடாது என்று உலகெங்கும் கையெழுத்து இயக்கம். 1991-ல் அந்தத் தடை ஒப்பந்தமாகவே வந்தது.

சொந்த வாழ்க்கையில் அடிமேல் அடி. கூடவே படம் பிடித்த இளைய மகன் ஃபிலிப் 1979-ல் கடல் விமான விபத்தில் இறந்தார். கப்பலையே வீடாக நினைத்த சிமோன் 1990-ல் மறைந்தார். 1996 ஜனவரியில் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரு பார்ஜ் மோதிக் கலிப்ஸோவும் மூழ்கியது, பிறகுதான் தூக்கினார்கள்.

கான்யான்? 1947-லேயே கனடாவின் மாண்ட்ரியலுக்குக் குடிபோய், அங்கே ஒரு கூடத்தில் உட்கார்ந்து புதுப்புது ரெகுலேட்டர்களாகச் செய்துகொண்டிருந்தார். முதலில் விற்பனைக்கு வந்த கருவியின் பெயர் சி.ஜி.45. சி என்றால் கூஸ்தோ, 45 என்பது வருஷம். ஜி என்ற எழுத்து யாருடையது என்று இன்றைக்கு அதே வகை வால்வைக் கடித்துக்கொண்டு தீவுகளில் முங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கூஸ்தோ 1997 ஜூன் 25 அன்று பாரிஸில் காலமானார். வயது 87. பிறந்த அதே சிற்றூரில், குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.