பரோடாவின் கல்வி மன்னர்

நாசிக் பக்கம் கவ்லானா கிராமத்தில் 1863-ல் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் கோபால்ராவ். 12 வயது வரை எழுத்து வாசனையே இல்லை. 1875-ல் பரோடா அரச குடும்பம் அவரைத் தத்தெடுக்க, மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் என்ற பெயரில் பட்டத்துக்கு வந்தார்.

1881-ல் ஆட்சிப் பொறுப்பு முழுமையாகக் கைக்கு வந்தது. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தார். அங்கே பாடம் சொல்ல இந்து ஆசிரியர்கள் மறுத்தபோது, முஸ்லிம் ஆசிரியர்களை நியமித்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை உணர்ந்தவர். 1890-ல் கலா பவன் தொழிற்கல்வி நிலையத்தை நிறுவினார். ஆங்கிலம் அறியாதவரும் தச்சு, சாயத் தொழில் முதலியவற்றைக் குஜராத்தியிலேயே கற்க முடிந்தது. 1893-ல் அம்ரேலி தாலுகாவில் சோதனையாகத் தொடங்கிய இலவசக் கட்டாயக் கல்வி, 1906-ல் சமஸ்தானம் முழுமைக்கும் சட்டமாயிற்று. பெண் குழந்தைகளும் அதில் அடக்கம்.

அவர் அளித்த உதவித் தொகையில்தான் 1913-ல் அம்பேத்கர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1917-ல் பரோடா அரசுப் பணிக்கு வந்த அந்தப் படிப்பாளிக்கு, ஊரில் தங்க இடம் தர ஆளில்லை. பள்ளிக் கதவைத் திறந்த சட்டத்தால் வீட்டுக் கதவைத் திறக்க இயலவில்லை. வேலையை விட்டு அவர் பம்பாய் திரும்பினார்.

1939-ல் சயாஜிராவ் பம்பாயில் காலமானார். அவர் தொடங்கிய கலா பவன், 1949-ல் அவர் பெயரிலேயே அமைந்த பல்கலைக்கழகத்தில் இணைந்தது.