தெருவைக் கடக்க வழி செய்த மந்திரி

அருப்புக்கோட்டையை ஒட்டி மதுரை-தூத்துக்குடி நான்கு வழிச் சாலை போகிறது. பஸ், லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டுவது கரிசல் காட்டு மக்களுக்குப் பெரும்பாடு. ரோட்டில் போடும் வெள்ளைக் கோடுகளுக்குப் பின்னே ஒரு மந்திரியின் கதை இருக்கிறது.

அவர் பெயர் லெஸ்லி ஹோர்-பெலிஷா. 1893-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். முதல் உலகப்போரில் பட்டாளத்தில் இருந்தார். பிறகு வக்கீல் ஆனார். 1923-ல் பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார்.

1934-ல் போக்குவரத்து மந்திரி பதவி கிடைத்தது. அந்த ஆண்டில் மட்டும் பிரிட்டனில் 7,343 பேர் சாலை விபத்தில் மாண்டனர். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நடந்து சென்றவர்கள்!

ஒருநாள் அவரே லண்டனில் ஒரு தெருவைக் கடந்தார். சீறி வந்தது ஒரு கார். மயிரிழையில் தப்பினார். மந்திரிக்கே இந்தக் கதி என்றால் குழந்தைகளும் கிழவர்களும் என்ன ஆவார்கள்?

கடக்கும் இடங்களில் கறுப்பு-வெள்ளைக் கம்பம் நட்டு, உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டை வைக்கச் செய்தார். சிலர் கேலி செய்தனர். கண்ணாடி உருண்டைகளைக் கல்லால் அடித்து உடைத்தனர். அவர் அசரவில்லை. 1935-ல் ஊருக்குள் மணிக்கு 30 மைல் வேக வரம்பும், புதிய டிரைவர்களுக்குக் கட்டாயப் பரீட்சையும் வந்தன.

ஆனாலும் கடக்கும் இடம் டிரைவர்கள் கண்ணில் சரியாகப் படவில்லை. ஆகவே 1951-ல் தரையிலும் வரிக்குதிரைக் கோடுகள் வந்தன. 1957-ல் பெலிஷா காலமானார். கம்பத்து விளக்கு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தியாவிலும் சட்டப்படி அந்தக் கோட்டில் நடப்பவருக்கே முதல் உரிமை. வண்டி நின்றால்தான் அது பாதை. நிற்காவிட்டால் வெறும் பெயிண்டு!