கொள்ளை நோயும் சாவித்திரிபாய் அம்மையாரும்



ஊர்த் தலைமைக்கு உரைகல்லாவது கொள்ளை நோய்க் காலமே. 1809 முதல் 1811 வரை நம் திண்டுக்கல் சீமையிலும், மதுரை, கோயமுத்தூர், திருநெல்வேலிச் சீமைகளிலும் பரவிய விஷ சுரம் எண்ணிறந்த உயிர்களைக் கவர்ந்தது. அத்தகைய காலங்களில் யாது செய்வதென்று கைபிசைந்து நிற்பவர் பலர்; துணிந்து முன்னிற்பவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் சாவித்திரிபாய் புலே அம்மையார்.

அம்மையார் பம்பாய் இராசதானியைச் சார்ந்த நாய்காவ் என்னும் சிற்றூரில் 1831-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள், தோட்டப் பயிர்செய்யும் மாலி குலத்திற் பிறந்தார். 1840-இல் ஜோதிராவ் புலே என்பாரை மணந்து, அவர்பாலே கல்வி கற்று, 1848-இல் புனா நகரத்துப் பெண்கள் பள்ளியில் ஆசிரியையானார். தெருவிற் செல்லுங்கால் சிலர் சேற்றையும் சாணத்தையும் வீசினர்; அம்மையாரோ மாற்றுச் சேலையொன்றைக் கையிற்கொண்டு நாடோறும் பள்ளிக்குச் சென்றார் என்பர். தம் இல்லத்துக் கிணற்றை, தீண்டத்தகாதார் எனத் தள்ளப்பட்டவர்க்கு இத்தம்பதியர் 1868-இல் திறந்துவிட்டனர். 1876–77 பஞ்சத்தில் பசித்தோர்க்கு உணவளித்தனர். 1890-இல் கணவரார் இறந்த பின்னரும், அவர் நிறுவிய சத்திய சோதக சமாஜத்தின் பணியை அம்மையார் தளரவிடவில்லை.

1896-இல் பம்பாயிற் தோன்றிய பிளேக் நோய் விரைவிற் புனாவையும் பற்றியது. செல்வர் ஊரைவிட்டு அகன்றனர். உற்றாரும் நோயாளியைத் தொட அஞ்சினர். அம்மையார்க்கு அப்பொழுது பிராயம் அறுபத்தாறு. அவர் காலந்தாழ்த்தாது, மருத்துவரான தம் வளர்ப்பு மகன் யசுவந்தரை வரவழைத்து, நகர்க்குப் புறத்தே ஹடப்சர் அருகில் மருத்துவ விடுதி அமைத்தார். நோயாளரைத் தேடித் தாமே சென்றார். முண்ட்வா என்னும் ஊரில், ஒதுக்கப்பட்டோர் குடியிருப்பிற் கிடந்த சிறுவன் ஒருவனைத் தம் முதுகிற் சுமந்து விடுதிக்குக் கொணர்ந்தார். அந்நோய் அவரையும் தொற்றியது. 1897-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் உயிர் நீத்தார்.

அவ்வாண்டிலேயே அரசாங்கத்தாரும் உறுதியாக நடந்தனர். ராண்ட் என்னும் அதிகாரியின்கீழ்ப் படைவீரர் வீடுவீடாகப் புகுந்து சோதித்தனர். வெகுண்ட மக்கள் நோயாளிகளை மறைத்தனர். ராண்ட் ஜூன் 22-ஆம் நாள் சுடப்பட்டுச் சின்னாளில் மாண்டார். இரண்டிடத்தும் துணிவு இருந்தது. ஓரிடத்து அது கதவை உடைத்தது. மற்றோரிடத்து நோயாளியைச் சுமந்தது. மக்கள் நம்பிக்கையைப் பெறாத உறுதி, நோயை மறைக்கவே தூண்டும் என்பது இதனாற் புலனாகும்.

அன்பர்காள்! நம் ஊரில் நோய் பரவுங்கால், அதனை மறையாது உடனே சுகாதார அதிகாரிகட்கு அறிவிப்போமாக. நம் சங்கக் கட்டடத்தின் கதவைத் திறந்து வைப்போமாக. உள்ளே வருவோரை எக்குலத்தார் என வினவாதிருப்போமாக. நோய் குலம் பார்த்து வருவதில்லை. தொண்டும் குலம் பார்த்துச் செய்யத்தக்கதன்று.