பள்ளிக்கூடத்துக்குச் சோறு கேட்ட வக்கீல்

சேலம் அஸ்தம்பட்டியில் பகல் மணி அடிக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். தட்டில் சூடான சோறு விழுகிறது. வீட்டில் அடுப்பு எரிந்ததா, இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

படிப்புக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம்? ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் அதை எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர், சிங்காரவேலர்.

மீனவர் வீட்டுப் பிள்ளை

சென்னைக் கடற்கரையில் உள்ள அயோத்தியா குப்பத்தில், 1860 பிப்ரவரி 18-ந் தேதி அவர் பிறந்தார். மீனவர் குடும்பம். தந்தை வெங்கடாசலம், தாய் வள்ளியம்மை. குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி எட்டாக்கனியாக இருந்த காலம் அது. அவரோ மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். சட்டமும் படித்து, 1907-ல் வக்கீல் ஆனார். வீட்டில் ஆயிரக்கணக்கான புத்தகங்களைச் சேர்த்தார்.

1921-ல் ஒத்துழையாமை இயக்கம் நடந்தபோது தம் வக்கீல் அங்கியைத் தீயிட்டுக் கொளுத்தினார். வக்கீல் தொழிலையே விட்டார். 1923 மே 1-ந் தேதி சென்னைக் கடற்கரையில் தொழிலாளர்களைக் கூட்டி மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் நடந்த முதல் மே தின விழா அதுதான்.

கல்வி யாருக்கு?

அவர் கார்ல் மார்க்சின் நூல்களைக் கற்றவர். நிலமும் ஆலையும் யார் கையில் இருக்கின்றனவோ, அவர்களுக்கு ஏற்ற படிப்பே பள்ளியில் நடக்கும் என்பது மார்க்சியர்களின் கருத்து. பணக்காரர் பிள்ளை அதிகாரம் செய்யப் படிக்கும். ஏழை பிள்ளை அடங்கிப்போகப் படிக்கும். இல்லாவிட்டால் படிக்காமலே ஆலைக்குப் போகும். இது மாற வேண்டும் என்று, மார்க்சும் எங்கெல்சும் 1848-ல் வெளியிட்ட கம்யூனிஸ்டு கட்சி அறிக்கையில் எழுதினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி தர வேண்டும், ஆலைகளில் பிள்ளைகள் வேலை செய்வதை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள்.

கல்வியை இலவசமாக்கினால் மட்டும் போதுமா? பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறுமா? 1920-ல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராய செட்டியாரின் முயற்சியால், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி தொடங்கியது. 1925-ல் மாநகராட்சி உறுப்பினரான சிங்காரவேலர், ஏழைப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு வேண்டும் என்று வாதாடினார்.

பெரியவர்களுக்கும் பாடம்

பள்ளிப் படியே மிதிக்காத தொழிலாளிக்கு யார் பாடம் சொல்வது? அந்த வேலையைச் சிங்காரவேலர் பத்திரிகை மூலம் செய்தார். 'தொழிலாளன்' என்ற பத்திரிகை நடத்தினார். பெரியாரின் 'குடி அரசு' இதழில் விஞ்ஞானத்தை எளிய தமிழில் எழுதினார். டார்வின் சொன்னதும் ஐன்ஸ்டீன் கண்டதும் தமிழ் மட்டுமே தெரிந்தவர்களையும் எட்டின. அறிவு சிலருடைய சொத்தாக இருக்கும் வரை மற்றவர்கள் ஏமாறவே வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை.

இதற்கிடையே 1928-ல் ரெயில்வே வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டதற்காக அவருக்கு 10 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. அப்போது வயது 70-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது! பிறகு தண்டனை குறைக்கப்பட்டு, 1930-ல் விடுதலையானார். வெளியே வந்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

1946 பிப்ரவரி 11-ந் தேதி, 85-வது வயதில் காலமானார். சரியாக 4 ஆண்டுகள் கழித்து, 1950-ல் அதே பிப்ரவரி 11-ந் தேதி, அஸ்தம்பட்டியில் உள்ள சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் மாண்டார்கள். சிங்காரவேலர் தென்னாட்டில் விதை ஊன்றிய இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

அவர் கேட்ட சோறு என்ன ஆயிற்று? 1956-ல் காமராசர் ஆட்சி மதிய உணவை மாநிலம் எங்கும் கொண்டுசெல்லத் தொடங்கியது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் காலை உணவும் தொடங்கியது.

அஸ்தம்பட்டிப் பள்ளியில் தட்டு ஏந்தும் சிறுமிக்கு இந்தக் கதை தெரியாமல் இருக்கலாம். சாப்பிட்டுவிட்டு அவள் மறுபடியும் வகுப்புக்குத்தான் போகிறாள். சிங்காரவேலர் விரும்பியதும் அதைத்தான்!