பொய்யான ஷாக், நிஜமான நடுக்கம்: யார் இந்த ஸ்டான்லி மில்கிராம்?

உளவியல் ஆய்வுக்காக ஒருவரை எந்த அளவுக்கு ஏமாற்றலாம்? இந்தக் கேள்வி வந்தாலே முதலில் அடிபடும் பெயர் ஸ்டான்லி மில்கிராம்.

1933-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரியில் படித்தது அரசியல் அறிவியல். பிறகு உளவியலுக்குத் தாவி, 1960-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு யேல் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

1961 ஏப்ரலில் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணை தொடங்கியது. மேலிடத்து உத்தரவைத்தான் செய்தேன் என்பது அவருடைய வாதம். சாதாரண ஆளும் அப்படிச் செய்வானா? இதைச் சோதிக்கும் தன் ஆய்வை மில்கிராம் அதே ஆண்டு ஆகஸ்டில் ஆரம்பித்தார்.

செய்தித்தாளில் விளம்பரம் போனது. ஞாபகசக்தி பற்றிய ஆய்வு, ஒரு மணி நேரத்துக்கு 4 டாலர், போக்குவரத்துக்கு 50 சென்ட். வந்தவர் ‘ஆசிரியர்’; பக்கத்து அறையில் இருப்பவர் ‘மாணவர்’. மாணவர் தப்பாகப் பதில் சொன்னால் ஆசிரியர் ஷாக் கொடுக்க வேண்டும். இயந்திரத்தில் 30 சுவிட்சுகள், 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை. உண்மையில் மாணவருக்கு ஷாக்கே அடிக்கவில்லை. அவர் நடிக்க அமர்த்தப்பட்டவர். ஆனால் சுவிட்சை அழுத்தியவருக்கு அது தெரியாது. வியர்த்தது, கை நடுங்கியது, சிலருக்கு வலிப்பே வந்தது. நிறுத்தலாமா என்று கேட்டால், தொடரத்தான் வேண்டும் என்பார் கோட் போட்ட ஆய்வாளர்.

ஆயிரத்தில் ஒருவர்தான் கடைசிவரை போவார் என்று மனநல மருத்துவர்கள் கணித்திருந்தார்கள். 1963-ல் வெளியான முதல் கட்டுரையின்படி, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட்டைத் தொட்டார்கள். ஆய்வாளர் அறையை விட்டு வெளியேறி போனில் உத்தரவு போட்டபோது மட்டும் கீழ்ப்படிந்தவர்கள் ஐந்தில் ஒருவராகக் குறைந்தார்கள். இதுதான் ஆய்வின் முக்கியமான பகுதி. ஆனால் பேசப்படுவதென்னவோ 26 பேர் கணக்குதான்.

1964-ல் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் கேள்வி எழுப்பினார். நம்பி வந்தவர்களை இப்படிக் கலங்கடிப்பது நியாயமா, அவர்களுடைய சுயமரியாதைக்கு யார் பொறுப்பு என்பது அவர் வாதம். கலந்துகொண்டவர்களிடம் பிறகு விசாரித்ததில் 84 சதவீதம் பேர் சந்தோஷம் என்றே சொன்னார்கள் என மில்கிராம் பதில் கொடுத்தார். பின்னால் வரும் சந்தோஷம் முன்கூட்டித் தரும் சம்மதம் ஆகிவிடாது என்பதுதான் சிக்கல். ஷாக் பொய் என்று தெரியாமலேயே பலர் வீடு திரும்பியதும் யேல் ஆவணங்களிலிருந்து பிற்பாடு வெளிவந்தது.

இந்த சர்ச்சை அவரை விடவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் அவருடைய உறுப்பினர் விண்ணப்பத்தைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. ஹார்வர்டில் நிரந்தரப் பணி கிடைக்காமல் 1967-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அமெரிக்காவில் ஆய்வு நெறிமுறைக் குழுக்களைக் கட்டாயமாக்கிய 1974-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மில்கிராம்தான் காரணம் என்று சொல்வதுண்டு. நேரடிக் காரணம் அவரல்ல. 1972-ல் அம்பலமான டஸ்கீகி சிபிலிஸ் ஆய்வு.

1984 டிசம்பரில் மாரடைப்பால் இறந்தார், வயது 51. 2009-ல் ஜெர்ரி பர்கர் இதே ஆய்வைத் திரும்பச் செய்து வெளியிட்டபோது, யாரையும் 150 வோல்ட்டுக்கு மேல் போகவிடவில்லை. ஷாக் பொய் என்பதை உடனே சொல்லிவிட்டார். அப்படியும் 70 சதவீதம் பேர் அடுத்த சுவிட்சை அழுத்தத் தயாராகத்தான் இருந்தார்கள்.