கார்னாட் சைக்கிளும் கார்னோவும்

அரக்கோணம் ட்ரெயின்ல வர்றவங்களுக்குத் திருவாலங்காடு ஸ்டேஷன் பழக்கம். அந்த ஊரில்தான் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை ஆலைன்னா, கரும்புச் சக்கையை எரித்து பாய்லரில் நீராவி எடுப்பாங்க. அது டர்பைனுக்குள் விரிந்து, அதைச் சுற்றிவிட்டு, அழுத்தமும் சூடும் குறைந்து வெளியே வரும். மிச்சச் சூட்டில் சாறு காய்ச்சுவாங்க. அந்த விரிவிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்று அடிப்படையிலிருந்து யோசித்தவரைத்தான் நீங்க தெர்மோ பேப்பரில் எழுதிக்கிட்டு இருக்கீங்க.

சாடி கார்னோ 1796-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா லசார் கார்னோ, நெப்போலியனின் போர் அமைச்சராக இருந்தவர். சாடி 16 வயதில் எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, ராணுவ இன்ஜினியர் ஆனார். நெப்போலியன் வீழ்ந்ததும் அப்பா நாடு கடத்தப்பட்டார். மகனை ராணுவமும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் நீராவி எஞ்சின் பக்கம் திரும்பினார்.

1824-ல் சொந்தக் காசில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதன் மையம் இதுதான்: சூடான வாயுவைக் குளிர்ந்த பொருளில் நேராகத் தொடவிட்டால் சூடு இறங்கிவிடும், வேலை ஒன்றும் கிடைக்காது. அதனால் சூட்டை நிறுத்திவிட்டு வாயுவைத் தானே விரியவிடு. பிஸ்டனைத் தள்ளித் தள்ளியே அது குளிரட்டும். கணக்குப் போட்டுப் பாருங்க: 27 டிகிரி காற்றை, வெளியே சூடு போகாமல், வராமல், மெதுவாக இரண்டு மடங்கு விரியவிட்டால் சுமார் மைனஸ் 46 டிகிரிக்குப் போய்விடும். அழுத்தம் பாதி ஆகாது, 38 சதவீதத்துக்கு இறங்கும். ஒரே சூட்டில் வைத்து விரித்தால்தான் சரியாகப் பாதி. (செமஸ்டரில் நாம குழப்பிக்கிற இடமும் இதேதான்.)

புத்தகத்தை யாரும் கண்டுக்கல. 1834-ல் கிளாப்பிரான் அதை எடுத்து, நாம வரையும் பி-வி படத்தோடு எழுதினார். அதைப் படித்துவிட்டு 1845-ல் பாரிஸ் கடை கடையாக மூலப் புத்தகத்தைத் தேடினார் பிற்கால கெல்வின். கடைக்காரர்களுக்குத் தெரிந்த கார்னோ, தம்பி இப்போலிட் மட்டுமே.

ஆனால் 1832-லேயே காலரா சாடியைக் கொண்டுபோய்விட்டது. வயது 36. தொற்றுக்குப் பயந்து அவருடைய காகிதங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள். மிஞ்சிய சில குறிப்புகளில்தான் விஷயமே இருந்தது. புத்தகத்தில், தண்ணீர் மேலிருந்து விழுவது போல வெப்பம் அளவு குறையாமல் இறங்குகிறது என்று நம்பியிருந்தார். அது தப்பு. குறிப்புகளில் அதைத் தானே திருத்தி, வெப்பம்தான் வேலையாக மாறுகிறது என்று எண்ணிக்கையோடு எழுதி வைத்திருந்தார். தம்பி அவற்றை அச்சிட்டது 1878-ல். அதற்குள் ஜூல் அதே விஷயத்தைப் பரிசோதனையில் காட்டி முப்பது வருஷம் தாண்டிவிட்டது.